சங்கிலியையும் சேர்த்து நூறு கிலோ

நான் டவர் கிரேன் ஓட்டுகிறேன். பொம்பளை கிரேன் ஓட்டுவதா என்று வாயைப் பிளக்க நினைப்பவர்கள் இப்போதே பிளந்து மூடிக்கொள்ளலாம். கதை அதைப் பற்றியது இல்லை, என் எடையைப் பற்றியது.

பத்தொன்பது வருடமாகக் காலை ஆறரைக்கு அறுபது மீட்டர் இரும்பு ஏணியில் ஏறுகிறேன், மாலை ஐந்துக்கு இறங்குகிறேன். தினமும் இவ்வளவு ஏறுகிறவளுக்கு எப்படி உடம்பு போட்டது என்று எல்லோரும் கேட்பார்கள். ஏறுவது கால் மணி நேரம், உட்காருவது பத்து மணி நேரம். இந்தக் கணக்குப் புரியாதவர்கள் எல்லாம் எனக்கு ஆலோசனை சொல்ல வந்துவிடுவார்கள்.

சைட்டில் என்னை மேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த சிக்னல் அண்ணனும் அப்படித்தான். அவர் கீழே நின்று, சுமைக்குச் சங்கிலி மாட்டி, எடை சொல்லி, எங்கே இறக்குவது என்று வயர்லெஸ்ஸில் வழி காட்டுவார். பதினோரு வருடம் அவர் குரலைக் காதில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். என் கணவரிடம்கூட அவ்வளவு பேசியதில்லை.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது புதிதாக ஒரு சேஃப்டி சார் வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே கயிற்றைத் தடை செய்தார். அதுவரை சாப்பாட்டுப் பை, குடை, பிஸ்கெட் எல்லாம் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்வேன். எவனோ எந்த சைட்டிலோ ஃப்ளாஸ்க்கைக் கீழே போட்டு யார் தோளையோ உடைத்துவிட்டானாம். இனிமேல் மேலே போவது எதுவானாலும் முதுகில் தொங்கித்தான் போக வேண்டும். தண்ணீர் கேனை மட்டும் வாரம் ஒரு முறை மெக்கானிக்குகள் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது வாரம் எடை மிஷின் வந்தது. ஏணியில் மாட்டியிருக்கும் பாதுகாப்பு வயரும், மயங்கி விழுந்தால் நம்மைக் கீழே இறக்கும் கருவியும் நூறு கிலோ வரைதான் தாங்குமாம். ஒவ்வொருவராக ஏறச் சொன்னார். நான் பூட்ஸைக் கழற்றினேன், ஹெல்மெட்டைக் கழற்றினேன், பெல்ட்டையும் பையையும் நாற்காலியில் வைத்தேன், மூச்சையும் பிடித்துக்கொண்டேன். நூற்று நான்கு.

சேஃப்டி சார் மரியாதையான ஆள். முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு தாளைக் கையில் கொடுத்து, பத்து வாரத்தில் மறுபடி எடை பார்ப்போம், அதுவரை பொறுத்துக்கொள்கிறோம், நூறைத் தாண்டினால் கேட்டில் லாரிகளுக்குப் பாஸ் எழுதும் வேலை என்றார். சம்பளம் அதேதானாம். எனக்குப் பதிலாகப் பக்கத்து சைட்டிலிருந்து குச்சி என்று ஒருவன் மேலே போவானாம். அறுபத்தெட்டு கிலோ. அவன் பேரைக் கேட்டதுமே எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது. தாளில் '100' என்ற எண்ணைப் பார்த்தேன், மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சம்பளம் அதேதான் என்று சொன்னால் நான் சமாதானமாகிவிடுவேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தக் கேபின் என்ன என்று அவருக்குத் தெரியாது. குறுக்கே ஒன்றேகால் மீட்டர், நெடுக்கே ஒன்றரை மீட்டர். ஒரு நாற்காலி, இரண்டு லீவர், மூன்று பக்கமும் கண்ணாடி. இரண்டாவது ஆளுக்கு அங்கே இடமில்லை. என் வீட்டிலும் இரண்டு அறைதான், அதில் நான்கு பேர். இரவு ஷிப்டில் அச்சகத்துக்குப் போகும் கணவர், முட்டி வலிக்கும் மாமியார், பதினைந்து வயது மகள், நான். மற்ற மூன்று பேருக்கும் எது வேண்டுமானாலும் நான்காவது ஆள்தான் எழுந்திருக்க வேண்டும். குளியலறைக் கதவைத் தட்டி எனக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்வியெல்லாம் கேட்பார்கள். உலகத்தில் என்னை யாரும் தட்டிக் கூப்பிட முடியாத இடம் அந்த ஒன்றேகால் மீட்டர்தான். அதை விட்டுவிட்டு, நாள் முழுக்க லாரிக்காரர்கள் ஜன்னலைத் தட்டும் கேட்டில் உட்காருவதற்குப் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

ஆகவே இளைப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் கிளினிக்கில் இருக்கும் டயட்டீஷியன் அம்மாவிடம் போனேன். என் வேலை என்ன என்று கேட்காமலேயே அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். சாப்பிட்டதும் இருபது நிமிடம் நடக்க வேண்டும். பசி எடுத்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். என் கேபினில் எழுந்து வேறு அறைக்குப் போனால் அடுத்து ஆம்புலன்ஸ்தான் வரும். அடுத்து எங்கள் கட்டிடத்துத் தையல்கார அம்மா, பழச்சாறு மட்டுமே குடித்துப் பதினொரு கிலோ குறைத்தவர், தினமும் மூன்று லிட்டர் குடி என்றார். நான் மூன்று நாள் குடித்தேன். அறுபது மீட்டர் உயரத்தில் கழிவறை கிடையாது என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நான்காம் நாள் ஒரு கதவுச் சட்டத்தைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு பட்ட பாட்டை இங்கே எழுத மாட்டேன்.

கணவர் பங்குக்கு அவரும் சொன்னார். வாயைக் கட்டினால் போதும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் வாயில் கேக் இருந்தது.

இரண்டு வாரம் ஓடிவிட்டது, எடை ஏறியிருந்தது. அன்று கான்கிரீட் லாரிக்காகக் காத்திருக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே ஒரு பாக்கெட் பிஸ்கெட்டைத் தின்றேன். தின்ற பிறகு, கை பழக்கத்தில் லாக் புத்தகத்தை எடுத்தேன். கிரேனில் ஒவ்வொரு தூக்கலையும் எழுதி வைக்க வேண்டும். என்ன நேரம், எவ்வளவு எடை, எங்கிருந்து, எங்கே, தூக்குவதற்கு முன் என்ன நடந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு வரி விட்டதில்லை. நான் அப்படியொன்றும் ஒழுங்கான பிறவி இல்லை. பல் டாக்டரிடம் பொய் சொல்வேன், மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகாமலேயே போய்வந்தேன் என்பேன். ஆனால் லாக் எழுதாமலும், தூக்கும் அட்டவணையை மீறியும் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. என்னிடம் இருக்கும் ஒரே நல்ல பழக்கம் அதுதான். டயட்டையும் அதில்தான் கட்ட வேண்டும் என்று அப்போது தோன்றியது.

புது நோட்டு ஒன்று வாங்கி ஒரு வாரம் வாய்க்குள் போனதையெல்லாம் எழுதினேன். மணி 9.20, பிஸ்கெட் நான்கு, பையிலிருந்து வாய்க்கு, முன் நிகழ்வு: லாரி தாமதம். இரவு மணி 7.40, ஆறிப்போன முட்டை பாதி, மகள் தட்டிலிருந்து வாய்க்கு, முன் நிகழ்வு: வீணாகப் போகிறதே. ஏழு நாளில் எழுபத்து நான்கு தூக்கல். படித்துப் பார்த்தால் காலைச் சாப்பாட்டின் மேலும் மதியச் சாப்பாட்டின் மேலும் ஒரு குற்றமும் இல்லை. சாயங்காலம் அடுப்படியில் நின்றுகொண்டு தின்றது முப்பத்தொன்று. அத்தனையும் அடுத்தவர் மிச்சம். மகள் வைத்த ரொட்டி ஓரம், மாமியார் கடித்து வைத்த பிஸ்கெட், கணவர் ருசி பார்க்கச் சொன்ன சூப். அந்த வீட்டில் நான் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டதாக ஒரே ஒரு வரிகூட இல்லை.

கேபினில் தின்றவை இருபத்தொன்பது. அதில் பத்துக்கு, முன் நிகழ்வு லாரி தாமதம். மீதிப் பத்தொன்பதுக்கும் ஒரே நிகழ்வு: வீட்டிலிருந்து போன். டிவி ரிமோட் எங்கே, அம்மா என் நீலச் சட்டை எங்கே, பாட்டி என்ன சொன்னாங்க தெரியுமா, கேஸ் தீர்ந்துபோச்சு. போனை வைத்ததும் கை பைக்குள் போயிருக்கிறது. அந்த வரிகளை இரண்டு முறை படித்தேன். பிறகு பக்கத்தைத் திருப்பிவிட்டேன். குடும்பம் போன் செய்யாமல் யார் செய்வார்கள்.

டயட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு கிரேனுக்கும் ஓர் அட்டவணை உண்டு. கொக்கி கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நிறையத் தூக்கலாம், தள்ளிப் போகப் போகக் குறைத்துத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் கிரேன் தலைகுப்புற விழும். நான் விழித்தெழும் நேரத்தைக் கோபுரமாக வைத்தேன். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் அறுநூறு கிராம். ஏழு மணி நேரம் தள்ளி நானூறு கிராம். பன்னிரண்டு மணி நேரம் தள்ளி இருநூறு. பதினான்கு மணி நேரத்துக்கு அப்பால் பூஜ்யம், அலாரம் அடிக்கும். கிராமில் சாப்பாடு அளக்கும் முறை சரியா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குக் கிராம்தான் புரியும்.

காத்திருக்கும் நேரத்துக்கும் வழி கண்டேன். என் கைக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். பிஸ்கெட்டுக்குப் பதிலாக ஓடு உடைக்காத வேர்க்கடலை கொண்டுபோனேன். கையுறையைக் கழற்றி, உடைத்து, தொலியை ஊதி, வாயில் போடுவதற்குள் சிக்னல் அண்ணன் கூப்பிட்டுவிடுவார். ஒரு மணி நேரத்தில் நான்கு கடலை தின்றதுதான் அதிகம்.

வீட்டில்தான் போர். அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். மகள் படித்துப் பார்த்துவிட்டு, மணிக்கணக்கு தள்ளத் தள்ள அம்மாவுக்குக் கோபம் ஏறும் என்று கீழே எழுதி வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் யாராவது எதையாவது என் பக்கம் தள்ளினால், கிரேனை நிறுத்தச் சொல்லும் சைகை காட்டுவேன். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, அசையாமல் நிற்பது. கணவருக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. மாமியார் மட்டும் விடவில்லை. அரைத் துண்டு கேக்கை நீட்டியபடி என்னையே பார்த்தார்.

"கொஞ்சம்தானேம்மா. கொஞ்சம் தின்னா என்ன ஆயிடப் போவுது?"

"அத்தை, இந்த வீட்டுல எல்லாமே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையெல்லாம் நான்தான் தூக்குறேன்."

மாமியார் அரைத் துண்டைத் தானே தின்றுவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளில் எழுநூறு கிராம் குறைந்தது.

குறையக் குறைய எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஒன்றிரண்டு கிலோ வித்தியாசத்தில் தப்பிப்பது எனக்குப் பிடிக்காது, எப்போதும் ஐந்து கிலோ மிச்சம் வைத்துத்தான் கணக்குப் போடுவேன். இலக்கைத் தொண்ணூற்று ஐந்து என்று வைத்தேன். ஏழாவது வாரம் தொண்ணூற்று எட்டு. அன்றுதான் சிக்னல் அண்ணன் மேல் பாய்ந்தேன். ஒரு படிக்கட்டுத் துண்டைத் தூக்கச் சொன்னார், இரண்டாயிரத்து நானூறு கிலோ என்றார். திரையில் இரண்டாயிரத்து எழுநூறு காட்டியது. சங்கிலியையும் இரும்புச் சட்டத்தையும் கணக்கில் சேர்க்காமல் படிக்கட்டின் எடையை மட்டும் சொல்லியிருக்கிறார். அட்டவணையில் அந்தத் தூரத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறுதான். ஓர் அங்குலம் எழும்பிய சுமையைத் திரும்பத் தரையில் வைத்துவிட்டு, வயர்லெஸ்ஸில் பத்து நிமிடம் கிழித்தேன். கொக்கிக்குக் கீழே தொங்குறது எல்லாமே எடைதான் அண்ணே, சங்கிலி என்ன காத்துலயா செஞ்சிருக்கு என்று கேட்டேன். அந்த அலைவரிசையில் மொத்த சைட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்தாவது வாரத்தின் கடைசி நாள். காலையில் வீட்டு எடை மிஷினில் உடுப்பில்லாமல் ஏறினேன். தொண்ணூற்று நான்கரை. கணவர் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தார். நெஜமாவே குறைஞ்சுட்டே என்று சொல்லிவிட்டு, பின்னாலேயே தன் பழைய பூட்ஸை எடுத்து வந்து, சாயங்காலம் செருப்புத் தைப்பவரிடம் புது அடி போடக் கொடுத்துவிடு என்று என் பையில் போட்டார். நான் பையை முதுகில் மாட்டிக்கொண்டேன். அன்று நான் ராணி.

சைட் ஆபீஸில் சேஃப்டி சார் மிஷினோடு தயாராக இருந்தார். சிக்னல் அண்ணனும் இருந்தார். ஒரு மூலையில், கையில் புது ஹெல்மெட்டோடு குச்சி. பார்க்க நல்ல பையன்தான், அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் பூட்ஸைக் கழற்றக் குனிந்தேன். சேஃப்டி சார் தடுத்தார்.

"கழட்ட வேண்டாம்மா. ஏணியில எப்படி ஏறுவீங்களோ அப்படியே நில்லுங்க. பையோட."

அன்றைக்கு முதல் தடவை வெறும் உடம்பைத்தான் பார்த்தோம், அது சும்மா ஒரு கணக்குக்கு, தாளில் தெளிவாக இருக்கிறதே என்றார். பையிலிருந்து தாளை எடுத்தேன். பத்து வாரம் அதை மடித்தே வைத்திருந்தேன். '100' என்ற எண்ணுக்கு அடுத்த வரி: உடை, காலணி, ஹெல்மெட், பெல்ட், கருவிகள், முதுகுப் பை உட்பட. சின்ன எழுத்துகூட இல்லை, நல்ல பெரிய எழுத்து.

ஏறி நின்றேன். நூற்று நான்கு புள்ளி மூன்று.

பத்து வாரம், ஒன்பதரை கிலோ, எண்ணிப் பார்த்த கடலை, பேசாத மாமியார். எல்லாவற்றையும் தாண்டி மிஷின் அதே நூற்று நான்கில் நின்றது. சிக்னல் அண்ணன் மெல்லப் பேசினார்.

"சங்கிலி காத்துலயா செஞ்சிருக்கு, மேலக்கா?"

கேலியாகச் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் நான் அவரை அடிக்கவில்லை.

மிஷினை விட்டு இறங்கி, பையை மேசையில் கொட்டினேன். கோபத்தில் ஒவ்வொன்றாக எடுத்து மிஷினில் வைத்தேன், சிக்னல் அண்ணன் எழுதினார். கணவரின் பூட்ஸ், ஒரு கிலோ. மகள் நூலகத்தில் திருப்பித் தரச் சொன்ன இரண்டு தடிப் புத்தகங்கள், ஒரு கிலோ நூறு. மாமியாரின் பழுதான ரத்த அழுத்த மிஷின், அறுநூறு. அதே அளவில் வாங்கி வரச் சொல்லிக் கொடுத்த உடைந்த பித்தளைக் குழாய், ஐநூறு. காலிப் பை, அறுநூறு. என் சாப்பாட்டு டப்பா, நானூறு. கடைகளுக்குச் சாயங்காலம்தான் போக முடியும், கீழே வைத்தால் காணாமல் போகும். அதனால் அந்தக் குழாய் ஒரு வாரமாக என் முதுகில் தினமும் அறுபது மீட்டர் ஏறி, ஊரைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மொத்தம் நாலு கிலோ இருநூறு. அதில் எனக்கென்று இருந்தது டப்பா மட்டும்தான்.

பை இல்லாமல் ஏறினேன். நூறு புள்ளி ஒன்று.

குச்சி தன் ஹெல்மெட்டின் வாரைச் சரி செய்தான். சேஃப்டி சார் என் இடுப்பைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார். வயர்லெஸ், அது இல்லாமல் முடியாது. இன்னொரு பக்கம் போன், அதோடு கட்டி வைத்த பவர் பேங்க். ஒரு நாளைக்கு அத்தனை அழைப்பு வந்தால் சார்ஜ் எப்படி நிற்கும்? பவர் பேங்க்கை மட்டும் கழற்றி வைத்தாலே நூறுக்குள் வந்துவிடும் என்று அவரே வழி சொன்னார். கழற்றினேன். தொண்ணூற்று ஒன்பது புள்ளி எட்டு. அவர் பேனாவை எடுத்தார். சிக்னல் அண்ணன் மூச்சு விட்டார்.

"இருங்க சார். என் டப்பாவை வெச்சுப் பார்க்கணும்."

வைத்தால் நூறைத் தாண்டியது. மதியம் கீழே வந்து சாப்பிட்டுக்கொள்ளுங்களேன் என்றார் சேஃப்டி சார். என் ஒரு கையில் டப்பா, ஒரு கையில் போன். டப்பா நானூறு கிராம், எழுந்து ஏழு மணி நேரம் தள்ளி, அட்டவணைப்படி சரியான எடை. போன் இருநூற்று ஐம்பது. அப்போதுதான் அந்தப் பத்தொன்பது வரிகள் நினைவுக்கு வந்தன, நான் திருப்பிவிட்ட பக்கம். பத்து வாரமாக டயட்டில் நான் சேர்க்கத் துணியாத ஒரே வரி அதுதான்.

போனைச் சிக்னல் அண்ணன் கையில் கொடுத்தேன். டப்பாவைப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு ஏறி நின்றேன். தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஒன்பது. சேஃப்டி சார் கையெழுத்துப் போட்டார். குச்சி தன் சைட்டுக்குத் திரும்பிப் போனான்.

"வீட்டுலேருந்து கூப்பிட்டா என்ன சொல்றது, மேலக்கா?"

"ஆஸ்பத்திரி விஷயம்னா வயர்லெஸ்ல சொல்லுங்க. மத்ததுக்கு, மேல இருக்காங்கன்னு சொல்லுங்க."

ஏணியில் பத்து மீட்டர்கூட ஏறியிருக்க மாட்டேன், கீழே போன் அடித்தது. கால் தானாக நின்றது, கை தானாகக் கடலை தேடியது. பாக்கெட்டில் கடலை இல்லை, எடைக்குப் பயந்து அதையும் மேசையில் விட்டிருந்தேன். சிக்னல் அண்ணன் போனை எடுத்துப் பேசுவது கேட்டது. நீலச் சட்டையா, எனக்குத் தெரியாதே பாப்பா, அம்மா மேல இருக்காங்க, அலமாரியில பாத்தியா என்றார். பிறகு, கெடைச்சிருச்சா, நல்லது என்று சொல்லி வைத்தார்.

நான் மீதி ஐம்பது மீட்டர் ஏறினேன்.